தோல்வி எவருடையது?



ஒரு செயல் கைகூடாது போகுமிடத்து மனித மனம் இரண்டு வினாக்களுள் ஒன்றை எழுப்புகிறது. 'இஃது ஏன் நேர்ந்தது?' என்பது ஒன்று. 'இதனைச் செய்தவன் எவன்?' என்பது மற்றொன்று. முன்னது அறிவை வளர்க்கும். பின்னது பெரும்பாலும் வெகுளியையே வளர்க்கும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காண்பதற்கு, நமக்கு அத்துணைப் பழக்கமில்லாத ஓர் அயல்நாட்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்ள விழைகிறேன். அமெரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் பேஸ்பால் ஆட்டமே அது. விளையாட்டில் அறத்தைத் தேடுவானேன் எனச் சிலர் நினைக்கக்கூடும். உண்மையான இழப்பு சிறிதாக உள்ள இடத்திலேதான் மனத்தின் இயல்பு ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது.

கிரிக்கெட்டை அறிந்தோர்க்கு இவ்வாட்டத்தை விளக்குதல் எளிது. அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். ஒரு சுற்றில் மூவர் ஆட்டமிழந்தால் மட்டை எதிரணியின் கைக்கு மாறும். களத்தின் நான்கு தளங்களையும் முறையே தொட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புபவர் தம் அணிக்கு ஓர் ஓட்டம் சேர்க்கிறார். பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டால், அடித்தவரும் தளங்களில் காத்து நிற்கும் அவர்தம் தோழரும் ஒருசேரத் திரும்புவர். அதனை ஹோம் ரன் என்பர். கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை வீச்சாளர் மாறுவார். இங்கோ, அணியின் மேலாளர் விலக்கும் வரையில் ஒருவரே தொடர்ந்து வீசுவார். ஆட்டத்தினின்று விலக்கப்பட்டவர் அன்று மீண்டும் களமிறங்க இயலாது. 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து அவர் வீசும் விரைவுப் பந்து அரை நொடிக்குள் மட்டையாளரை அடைந்துவிடும். ஆகவே, அரங்கில் கூடிய பல்லாயிரவரின் கண்களும் அந்த ஒரு கையின் மீதே பதிந்திருக்கும்.

இவ்வாட்டத்திற்கு ஒரு விந்தையான வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஆட்டக் குறிப்பேட்டில் 'வென்ற வீச்சாளர்' என ஒருவர் பெயரும், 'தோற்ற வீச்சாளர்' என ஒருவர் பெயரும் எழுதப்படும். அடிக்கத் தவறியவர் பெயரில் தோல்வி எழுதப்படுவதில்லை. பந்தைத் தவறவிட்டவர் பெயரிலும் எழுதப்படுவதில்லை. எதிரணி இறுதிவரை இழக்காத முன்னிலையை எந்த ஓட்டத்தால் பெற்றதோ, அந்த ஓட்டத்திற்குப் பொறுப்பான வீச்சாளர் தலையிலேயே முழுத் தோல்வியும் ஏற்றப்படும்.

இக்கணக்கு நீதியை நாடாத கணக்கு அன்று. களத்தில் நிற்போரின் பிழையால் வந்த ஓட்டங்கள் வீச்சாளரின் சராசரியில் சேர்க்கப்படுவதில்லை. ஒருவரது பந்தை அடித்துத் தளமேறி நின்றவர், அவ்வீச்சாளர் விலகிய பின்னர் ஓட்டம் எடுத்தால், அது விலகியவர் கணக்கிலேயே சேரும். இத்துணை நுணுக்கமாகப் பகுத்தறிந்த பின்னரும், முடிவில் தோல்வி என்னும் சொல் ஒரே பெயரின் அருகே சென்று நிற்கிறது. 2018ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரியாக 1.70 ஓட்டங்களே கொடுத்தார். அவ்வாண்டில் முதன்மை லீக்குகள் இரண்டிலும் அதுவே மிகக் குறைந்த சராசரி. எனினும், அவர் கணக்கில் எழுதப்பட்டவை 10 வெற்றிகளும் 9 தோல்விகளும் ஆகும். அவருடைய அணியினர் அவருக்குப் போதிய ஓட்டங்களை எடுத்துத் தரவில்லை. சிறந்த வீச்சாளர்க்குரிய சை யங் விருதை அவருக்கே அளித்ததன் மூலம், அறிந்தோர் அக்கணக்கின் குறையை ஒப்புக்கொண்டனர்.

குறிப்பேட்டின் குறை இவ்வளவினதாயின், கொதிக்கும் மனங்களின் குறை எவ்வளவினதாகும்? 1951ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சான்று பகரும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியைவிட 13 ஆட்டங்கள் முன்னணியில் இருந்தது. ஜயண்ட்ஸ் அணியோ தனது இறுதி 44 ஆட்டங்களில் 37ஐ வென்று சமநிலையை எட்டியது. பட்டத்தை முடிவுசெய்ய மூன்று ஆட்டங்கள் வைக்கப்பட்டன. ஆளுக்கு ஒன்று வென்றனர். அக்டோபர் 3ஆம் நாள், போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் மூன்றாம் ஆட்டம். ஜயண்ட்ஸ் அணி மட்டையேந்திய ஒன்பதாம் சுற்று தொடங்குகையில் டாட்ஜர்ஸ் 4-1 என்று முன்னணியில் இருந்தது. அதன் வீச்சாளர் டான் நியூகோம் செப்டம்பர் 29ஆம் நாள் ஓர் ஆட்டம் முழுவதும் வீசி, மறுநாளும் ஐந்து சுற்றுகளுக்கு மேல் வீசியவர். களைத்த அக்கையிலிருந்து எதிரணியினர் ஓர் ஓட்டம் பெற்றனர். மேலும் இருவர் தளங்களில் நின்றனர். அப்போது மேலாளர் சார்லி டிரெஸ்சன், நியூகோமை விலக்கி, 25 வயதினரான ரால்ஃப் பிராங்காவை அழைத்தார். இரண்டு நாட்களுக்கு முன்னர் நடந்த முதல் ஆட்டத்தில் இதே பிராங்காவின் பந்தை ஹோம் ரன் அடித்த பாபி தாம்சனே இப்போதும் மட்டையுடன் நின்றார்.

பிராங்கா வீசியவை இரண்டே பந்துகள். முதல் பந்தைத் தாம்சன் அடிக்கவில்லை. இரண்டாம் பந்து இடப்புறப் பார்வையாளர் வரிசைக்குள் சென்று விழுந்தது. ஜயண்ட்ஸ் 5-4 என வென்றது. மூன்று ஓட்டங்களில் இரண்டு நியூகோம் தளமேறவிட்டவர்களுடையவை. ஆகவே அவர் கணக்கில் சேர்ந்தன. ஒன்றே பிராங்காவினுடையது. ஆயினும், வெற்றியைத் தந்த ஓட்டம் அந்த ஒன்றே ஆதலால், தோற்ற வீச்சாளர் என்னும் பெயர் பிராங்காவுக்கு உரியதாயிற்று. 1947இல் 21 ஆட்டங்களை வென்றவர் அவர். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த லீக்கில் அவ்வாண்டு கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் நுழைந்தபோது, நட்புடன் ஏற்ற தோழருள் ஒருவரும் அவரே. அவையாவும் மறக்கப்பட்டன, அந்த ஒரு பந்து மட்டும் மறக்கப்படவில்லை. அவர் சட்டையில் இருந்த 13 என்னும் எண்ணில்கூடக் காரணம் தேடியவர் உண்டு.

சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். அத்தோல்விக்குக் காரணங்கள் எத்தனை! பதின்மூன்று ஆட்ட முன்னணியை இழந்தோர் ஓர் அணியினர் அனைவருமே. நியூகோமின் கையைக் களைக்கச் செய்தது பருவத்தின் நெருக்கடி. பிராங்காவைத் தேர்ந்தது மேலாளரின் முடிவு. அவ்வரங்கின் இடப்புற ஓர எல்லை 279 அடியே ஆகும். எதிரே நின்ற தாம்சனின் திறமையும் ஒரு காரணமன்றோ? இத்துணை நூல்கள் சேர்ந்து நெய்யப்பட்ட ஆடையில் கடைசி இழையை மட்டும் பற்றி, ஆடை முழுவதும் இதுவே என்பது எவ்வாறு பொருந்தும்? நம் கண் இறுதியில் நேர்ந்ததையே காண்கிறது. அதற்கு முன்னர் நேர்ந்தவற்றைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

அணியின் அன்பர்கள் பேசும் பேச்சைக் கூர்ந்து கேட்டால் மற்றோர் உண்மையும் புலனாகும். அணி வென்ற நாளில் அவர்கள், 'நாம் வென்றோம்' என்கின்றனர். தோற்ற நாளில், 'அவன் தோற்றுவிட்டான்' என்கின்றனர். பந்தைத் தொடாமலே வெற்றியில் பங்கு கொண்டவர், பந்தைத் தொடவில்லை என்று கூறியே தோல்வியின் பங்கை மறுக்கின்றனர். வரவில் கூட்டு, செலவில் தனி என்னும் வணிகத்தை எந்த நேர்மையாளர் ஏற்பார்? பற்று வைத்தல் குற்றமென்று நான் கூறவில்லை. எவ்விதக் கைம்மாறும் கருதாது ஓர் அணியை வாழ்நாள் முழுவதும் நேசிப்பதில் ஓர் அழகு உண்டு. எனினும் அந்த அன்பின் உரைகல், 'நாம் தோற்றோம்' எனச் சொல்ல நா எழுகிறதா என்பதே.

ஈண்டு ஒரு தடை எழலாம். வீச்சாளர் பெரும் ஊதியம் பெறுபவர் அல்லரோ? கட்டணம் செலுத்திக் காண்போர்க்குக் குறை கூறும் உரிமை இல்லையோ? உண்டு, ஐயமில்லை. வீச்சாளருக்குப் பொறுப்பு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. 'இன்று அவர் பந்து தாழவில்லை. மட்டைக்கு எளிதாகச் சென்றது. முன்னரே மாற்றியிருக்கலாம்' என்பது ஆராய்ச்சி. அது வீச்சாளருக்கும் நன்மை செய்யும். 'அவன் ஒழியட்டும்' என்பது பகை. பொறுப்பு என்பது ஒருவர் தாமே ஏற்றுக்கொள்வது. பழி என்பது பிறர் எறிவது.

பகைச் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காண நெடுங்காலம் பின்னோக்கிச் செல்லவேண்டியதில்லை. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் லான்ஸ் மெக்கல்லர்ஸ் காயத்தினால் 2023, 2024 ஆகிய இரு பருவங்களையும் முற்றிலும் இழந்து திரும்பியவர். 2025 மே மாதத்தில் ஓர் ஆட்டத்தில் அவர் ஒருவரை மட்டுமே ஆட்டமிழக்கச் செய்து ஏழு ஓட்டங்களைக் கொடுத்துவிட்டார். அன்றிரவே அவருடைய குழந்தைகளைக் கொல்வதாகச் செய்தி வந்தது. விளையாட்டுப் பந்தயச் சூதை மாநிலங்கள் அனுமதிக்கலாம் என 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், அந்நாட்டில் இச்சூது பெருகியுள்ளது. மிரட்டியவரோ வெளிநாட்டில் இருந்தவர். மதுமயக்கத்தில், பந்தயத்தில் பணம் இழந்த சினத்தில் அவ்வாறு எழுதியதாகக் காவல்துறையிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். மெக்கல்லர்ஸ் அவர்மீது வழக்குத் தொடர விரும்பவில்லை. பந்தைத் தவறாக வீசிய தந்தைக்கும், உறங்கிக் கொண்டிருக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு? சினம் அத்தொடர்பைக் கணநேரத்தில் உண்டாக்கிவிடுகிறது.

ஆயினும், கூட்டம் என்றாலே கொடுமை எனக் கொள்ளுதலும் தவறாகும். 2010 ஜூன் 2ஆம் நாள், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் அர்மாண்டோ கலரகா, எதிரணியினர் 26 பேரை ஒருவரும் தளமேறாதபடி தொடர்ந்து ஆட்டமிழக்கச் செய்தார். 27ஆம் மனிதரும் ஆட்டமிழந்திருந்தால் அது பிழையிலா ஆட்டம் என்னும் அரிய சிறப்பைப் பெற்றிருக்கும். அவரும் ஆட்டமிழக்கவே செய்தார்; நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாகக் கணித்து இல்லையென்றார். கலரகா சினந்து கூவவில்லை. புன்னகைத்துவிட்டு அடுத்தவர்க்குப் பந்து வீசச் சென்றார். பதிவைப் பார்த்த ஜாய்ஸ் தம் பிழையை மறைக்காது ஒப்புக்கொண்டு வருந்தினார். மறுநாள் அதே அரங்கில், அணிப் பட்டியலை நடுவரிடம் அளிக்கும் பணிக்குக் கலரகாவே அனுப்பப்பட்டார். ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். வசைபாடக் காரணம் பெற்றிருந்த டெட்ராய்ட் மக்கள் கைதட்டினர். இழந்தவரே மன்னித்தபின், இழக்காதவர் எவ்வாறு பகை பாராட்டுவது?

பிராங்காவின் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் ஜயண்ட்ஸ் அணியினர் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைக் களவாகக் கண்டு, மின்மணி வழியே தம்மவர்க்கு அறிவித்து வந்தனர் என்ற செய்தி 2001இல் நாளிதழ் ஒன்றில் விரிவாக வெளியாயிற்று. ஆடியவர் சிலரே அதனை ஒப்புக்கொண்டனர். அந்தக் குறிப்பிட்ட பந்திற்குத் தாம் சைகை பெறவில்லை என்று தாம்சன் கூறினார். நாம் நோக்க வேண்டியது வேறொன்று. பிராங்கா இக்களவைப் பற்றி 1950களிலேயே சக வீரர் ஒருவர் வாயிலாகக் கேள்வியுற்றிருந்தார். தம்மீது சுமத்தப்பட்ட பழியை இறக்கி வைக்கும் சொல் கையில் இருந்தும், அரை நூற்றாண்டுக் காலம் அதனை ஊரறியக் கூறவில்லை. மக்கள் போற்றும் ஒரு நிகழ்ச்சியின் பெருமையைக் குறைக்க விரும்பவில்லை என்பது அவர் கூறிய காரணம். தம்மைத் தோற்கடித்த தாம்சனுடன் பல ஆண்டுகள் பொது நிகழ்ச்சிகளில் ஒன்றாகவும் தோன்றினார். அம்மௌனம் சரியா தவறா என அன்பர்கள் வாதிடலாம். களவை மறைப்பது உண்மைக்கு இழைத்த குறை என்பாரும் உளர். ஆனால் பழியை எறியாது சுமந்த அந்த நெஞ்சின் உரத்தை மறுப்பார் இலர். 2016இல் அவர் மறைந்தார்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் ஒரு குறிப்பேடு இருக்கிறது. கடை நொடித்தால் கடைசியாகக் கல்லாவில் அமர்ந்த மகன் பெயரும், முதியவர் மறைந்தால் இறுதி இரவில் அருகிருந்த மருமகள் பெயரும் அதில் எழுதப்படுகின்றன. நாள்தோறும் உடனிருந்து தொண்டு செய்தவர் அருகிருந்த ஒரே குற்றத்திற்காகப் பழி ஏற்கிறார். தொலைவில் இருந்தவர் தூயவராகிவிடுகிறார். அடுத்தமுறை அவ்வாறு ஒரு பெயரை எழுத நம் கை எழும்போது, அதற்கு முன் நேர்ந்தவை எவை, அவற்றில் நம் பங்கு யாது என ஒரு கணம் எண்ணுவோமாக. எண்ணியபின், 'நாம் தோற்றோம்' என்று முதலில் கூறுபவர் நாமாகவே இருப்போமாக.