எட்டு வருட முற்றுகை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை மேலே ஏறியிருக்கிறீர்களா? சுமார் 800 அடி உயரம். பாதி வழியிலேயே முழங்கால், 'இது தேவையா உனக்கு?' என்று கேட்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கக் குரங்குகள் வேறு காத்திருக்கும்.

என்னோடு ஏறிய நண்பர் செஞ்சிக்காரர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, சொந்த ஊருக்கே வந்து தனியாகத் தொழில் செய்கிறார். என்ன தொழில் என்றால், 'டேட்டா அனலிடிக்ஸ் கன்சல்டன்ட்' என்பார். அவருடைய அம்மாவிடம் கேட்டால், "அடுத்தவங்க கடைக் கணக்கைப் பார்த்து புத்தி சொல்றான்" என்பார். அம்மா சொல்வதுதான் சரியான விளக்கம்!

கடையில் போடுகிற ஒவ்வொரு பில்லும் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. என்ன சாமான், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அதோடு சேர்த்து வேறு என்ன வாங்கினார்கள்... எல்லாமே அதில் இருக்கிறது. லட்சக்கணக்கான பில்களை அலசி, முதலாளிக்கு ஒரே பார்வையில் புரிகிற மாதிரி படம் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்று அதற்குப் பெரிய பெயர்.

மேலே நெற்களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்ததும் நண்பர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு சிக்கல்ண்ணே. ஆறு மளிகைக் கடை வெச்சிருக்கார் ஒருத்தர். ஒரு கடையில மட்டும் வியாபாரம் படுத்துடுச்சு. ஏன்னு கண்டுபிடிக்கச் சொன்னார். எட்டு மாச வேலை, மாசாமாசம் ஃபீஸ்."

"நல்லதுதானே?"

"மூணாவது வாரமே கண்டுபிடிச்சிட்டேன். அதான் சிக்கல்."

பில்களை எத்தனை தடவை புரட்டியும் காரணம் பிடிபடவில்லையாம். ஒருநாள் அந்தக் கடையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் ஏதாவது கேட்கிறார்கள். கடைப்பையன் "இல்லக்கா" என்கிறான். அவர்கள் போய்விடுகிறார்கள். விற்ற சாமானுக்குப் பில் உண்டு. இல்லை என்று சொன்ன சாமானுக்கு ஏது பில்? கல்லாப் பக்கத்தில் ஒரு 20 ரூபாய் நோட்டை வைத்து, இல்லை என்று சொன்னதையெல்லாம் எழுதி, மறுநாள் சரக்கு வரவழைத்தால் போதும்.

"இதைச் சொன்னா மீதி ஃபீஸ் போச்சு. வீட்டுக் கடன் தவணை இருக்கு. எட்டு மாசம் இழுத்து, சாஃப்ட்வேர்லயே கண்டுபிடிச்ச மாதிரி இதே பதிலைச் சொல்லலாம். அவருக்கும் திருப்தி. பொய்யும் இல்லையே?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கீழே விரிந்து கிடந்த சமவெளியைப் பார்த்தேன். இதே கேள்வி அங்கே ஒரு தடவை பாளையம் இறங்கியிருக்கிறது.

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயாயிற்று. அந்தக் காலத்தில் மொகலாயப் படையோடு இருந்த பீம்சேன் என்பவர், தளபதி நினைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால், பஞ்சமும் நிஜம். மராட்டியக் குதிரைப்படை பின்னாலிருந்து தாக்கியதும் நிஜம். மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய இந்த மதிலும் நிஜம். எவ்வளவு நாள் கஷ்டத்தால் போனது, எவ்வளவு நாள் இழுத்ததால் போனது? எங்கோ தக்காணத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து அறிக்கை படித்துக்கொண்டிருந்த பாதுஷாவுக்கு அது எப்படித் தெரியும்? தளபதியின் மனசுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயமே இதுதான். மெக்கானிக், டாக்டர், வக்கீல், இந்தக் கணக்கு பார்க்கிறவர், எல்லோரிடமும் நாம் பாதுஷா மாதிரிதான். 'இன்னும் நாளாகும்' என்று அவர்கள் சொன்னால் சரிபார்க்க நம்மிடம் வழி கிடையாது. நாள் கணக்கில் கூலி வேண்டாம், மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்றால், அரைகுறையாக முடித்துவிட்டு ஓடலாம். எந்த ஒப்பந்தமும் அந்த ஓட்டையை அடைக்காது.

ஆபிரகாம் வால்ட் என்று ஒரு கணித மேதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்குக் கணக்கு பார்த்துச் சொன்னவர். திரும்பி வந்த விமானங்களில் எங்கெல்லாம் குண்டு துளைத்திருக்கிறதோ அங்கே கவசம் போடலாம் என்று யோசித்தார்களாம். துளை இல்லாத இடத்தைப் பாருங்கள், அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை என்பது வால்டின் வழி. வராத விமானமும் 'இல்லக்கா' என்று அனுப்பப்பட்ட வாடிக்கையாளரும் ஒன்றுதான். கணக்கில் இல்லாததைச் சொல்வதுதான் கணக்குக்காரரின் வேலை. அந்த வால்ட் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்திருந்தபோது, 1950 டிசம்பரில், நம்முடைய நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார்.

நண்பரிடம் இரண்டு கதையையும் சொன்னேன். தீர்ப்பு சொல்லவில்லை. அவருடைய வீட்டுக் கடனை நான் கட்டப்போவதில்லையே!

பத்து நாள் கழித்து போன் வந்தது. "சொல்லிட்டேண்ணே."

முதலாளி, "இதை நானே கண்டுபிடிச்சிருப்பேனே" என்றாராம். மூன்று வாரத்துக்குப் பணத்தைக் கொடுத்து கணக்கை முடித்துவிட்டார். பிறகு கூப்பிடவே இல்லை.

"வருத்தமா?"

"தவணை தேதி வந்தா வருத்தமாத்தான் இருக்கு. ஆனா, இதை எட்டு மாசம் மறைச்சிருந்தேன்னா, அடுத்த கடையில போய் உட்காரும்போது அந்த 'இல்லக்கா' என் காதுல விழுந்திருக்காதுண்ணே. விழாம இருந்தாத்தானே எனக்கு லாபம்?"

இழுத்தடிப்பதில் முதலாளிக்குப் பண நஷ்டம். இழுத்தடிக்கிறவருக்கோ தொழிலே நஷ்டம். சுலபமான பதில் கண்ணில் படாமல் இருக்கக் கண் பழகிவிடும்.

அந்தச் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஒருமுறை ஏறிப் பாருங்கள். உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முற்றுகையிட்டிருக்கும் கோட்டை எது? அது நிஜமாகவே விழவில்லையா, இல்லை, விழுந்தால் எனக்கு நஷ்டமா?