வாயிலை நோக்கும் விழிகள்



சீவக சிந்தாமணியில், அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரம் ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. இக்கதையைப் பல்லாண்டுகள் மாணவர்க்குப் போதித்தோம். அதன் பொருளை அண்மையில்தான் உணர்ந்தோம்.

விலங்குக் காப்பகம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அங்கே முதிர்ந்த நாட்டு நாயொன்று, வாயிலையே நோக்கியிருந்து, வருவோரைக் கண்டு மெல்ல வாலசைத்தது. "சாதுவாக இருக்கிறது, காவலுக்கு உதவாது" என்று பலரும் ஒதுக்கினராம். சாந்தமே அதற்குக் குற்றமாயிற்று!

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள். காவலுக்கென நாயை நாள்முழுதும் சங்கிலியில் பிணிப்பது இவற்றுள் முதலாவதன்றோ? பயன் கருதி வளர்ப்பது வாணிகம். பயன் கருதாது காப்பதே ஜீவதயை.

யாமும் முதுமையைக் காரணங்காட்டி வெறுங்கையுடன் திரும்பினோம். அன்றிரவு உறக்கமில்லை. முதியவர்க்கு முதிய நாய் பாரமாகுமோ? மறுநாளே சென்று அழைத்து வந்தோம். இன்று அது எம் திண்ணையில் கட்டின்றி உறங்குகிறது.

வாயிலை நோக்கியிருக்கும் உயிர்கள் இன்னும் பல. ஒன்றையேனும் ஏற்பீராக! இயலாதோர் ஒருவேளை உணவேனும் அளிப்பீராக!

அறம் வளர்க!