கேட்பதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று

இறுவட்டிலிருந்து பாட்டைக் கைத்தொலைபேசிக்கோ சிறு பிளேயருக்கோ ஏற்றும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும்: 128ஆ, 192ஆ, 320ஆ, ஃபிளாக்கா? பலரும் அதை வாசிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறோம். பாட்டில் எது மிஞ்சும், எது போகும் என்பது அந்த ஓர் அழுத்தலில் முடிவாகிறது.

இறுவட்டு ஓசையை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் இடம், வலம் என இரு பக்கத்துக்கும் 16 பிட்டில் எழுதிவைக்கிறது. நொடிக்கு 1,411 கிலோபிட். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சுருங்கியும் பாட்டு பாட்டாகவே கேட்பதற்குக் காரணம் நம் காதின் இயல்பு. பெரிய ஓசை எழும்போது, அதன் சுருதிக்கு அருகிலுள்ள மெல்லிய ஓசை நமக்குக் கேட்பதில்லை. கேளாததை எதற்குச் சுமக்க வேண்டும் என்று எம்பி3 அதைக் கழித்துவிடுகிறது.

இந்த முறையை ஜெர்மனியில் உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா வாத்தியமின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாடலைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் அந்தத் தனிக்குரல் சிதைந்தே வந்தது. பிழையை மறைக்க மேளமோ வயலினோ இல்லாததால் குறை அப்படியே வெளியில் தெரிந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் முறையைத் திருத்தினார்கள்.

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் சினிமாப் பாட்டுக் கேட்க 192 போதும். 320 வைத்தால் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு காண்பவர் மிகச் சிலர். அந்தப் பாட்டு தொலைந்தாலும் வேறிடத்தில் கிடைக்கும். அங்கே சிக்கனம் தவறில்லை.

ஆனால் இந்தப் புத்தளக் கரையில் வேறு வகைப் பாட்டுகளும் உண்டு. உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பா: ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் வலையின் கனத்தோடு சேர்த்துப் பதில் கொடுப்பார்கள். பக்கவாத்தியம் கடல் ஒன்றுதான். பல கரைகளில் வலையை இழுக்க உழவு இயந்திரம் வந்தது. அங்கே பாட்டுக்கு வேலையில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா என்னும் பாட்டு இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். பாட்டின் சொற்களோ போர்த்துக்கேயக் கிரியோல். மேளத்தோடு சிரட்டையும், போத்தலில் தட்டும் கரண்டியும் சேர்ந்து தாளமாகின்றன.

குறைந்த தரத்து எம்பி3 தடுமாறுவது இத்தகைய ஓசைகளில்தான். ஓசையைச் சிறு சிறு துண்டாக நறுக்கியே அது வேலை செய்கிறது. சிரட்டை சட்டென்று தட்டும்போது, அந்தத் துண்டு முழுவதும் பிழை பரவி, தட்டுக்கு முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கசிகிறது. தாளத்தின் கூர் மழுங்கிவிடுகிறது. அம்பாவில் முன்னால் நிற்பவரின் குரலுக்கு அடியில் பின்வரிசைக் குரல்கள் மங்கிப் போகின்றன.

கருவாடு மீனாகாது என்பார்கள். 128இல் இறக்கியதைப் பிறகு 320க்கு மாற்றினாலும் ஃபிளாக்காக மாற்றினாலும் கோப்புத்தான் பெருக்குமே தவிர, போன ஓசை திரும்பாது. ஃபிளாக் அப்படியல்ல, இறுவட்டில் உள்ள ஒரு பிட்டையும் விடாமல், இடத்தை மட்டும் ஏறக்குறையப் பாதியாக்கும். 2001இல் முதல் ஐபொட் வந்தபோது அதன் கொள்ளளவு 5 ஜிபி. அன்று கழித்தால்தான் ஆயிரம் பாட்டு கொள்ளும். இன்று ஆயிரம் பாட்டை ஃபிளாக்கில் வைத்தாலும் விரல் நகமளவு அட்டையில் இடம் மிஞ்சும். கழிப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது. கழிக்கும் பழக்கம் மட்டும் நிற்கிறது.

இன்று நமக்குக் கேளாதது நாளை ஒருவருக்குத் தேவைப்படலாம். பின்வரிசையில் மங்கலாக ஒலிப்பது ஒரு பேரனுக்குத் தாத்தாவின் குரலாக இருக்கும். அந்தக் கிரியோல் சொல்லை ஆராய வருபவருக்கு மேளத்தின் கீழ் புதைந்த ஒரு மெய்யெழுத்து வேண்டியிருக்கும். குரல்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கும் முழுப் பதிவு கிடைத்தால்தான் பிடி கிடைக்கும். பெரிய ஓசை சிறிய ஓசையை மறைக்கும்; மறைந்தது இல்லாமல் போய்விடுவதில்லை. நாம் கழித்தால்தான் அது இல்லாமல் போகும். இது பாட்டுக்கு மட்டுமல்ல, சிறிய சமூகங்களுக்கும் பொருந்தும். நம் காதுக்கு எட்டாததால் அவர்களின் பாட்டு வேண்டாததாகிவிடாது.

ஆகவே, உங்கள் வீட்டு அலமாரியில் ஊர்ப் பாட்டோ, கோவில் திருவிழாவோ, பெரியவர் ஒருவரின் பேச்சோ பதிந்த இறுவட்டு இருந்தால் இந்த வாரமே எடுங்கள். வீட்டில் எழுதிய இறுவட்டை வெப்பமும் ஈரமும் கெடுக்கும். கடற்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. முதலில் ஃபிளாக்கில் இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்போடு எழுதுங்கள். சட்டைப்பைக்கான சிறிய நகலை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.