எஞ்சின் மேல் பழி வேண்டாம்
1948-இல் வந்த மோரிஸ் மைனர் காரை இங்கிலாந்தில் இன்றும் பிள்ளைபோல் வளர்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்க மூடிவைத்த வண்டி, மார்ச்சில் சாவி போட்டதும் உறுமும். தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிடும். உடனே எஞ்சினைப் பிரிப்பது அநியாயம். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பிசினாகப் படிந்திருக்கும். திறந்தால் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். 2021 முதல் அங்கே விற்கும் இ10 பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தையும் இழுக்கும். பழையதை வடித்து, கிண்ணத்தைக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். அப்படியும் நின்றால், டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட ஒரு குண்டூசி போதும்.