கதவோரப் படுக்கை

என் கல்யாணச் சீரில் ஒரு தேக்குக் கட்டிலும், இலவம்பஞ்சு மெத்தையும், கண்ணாடி பதித்த இரும்பு பீரோவும் இருந்தன. அப்பா கடன் வாங்கிச் செய்தவை. அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரம்பலூருக்கு டெம்போவில் வந்து இறங்கியதும் மாமியார் சொன்னார்: "தம்பி ரூம்ல போடுங்கப்பா." கட்டில் நான் கொண்டுவந்தது, அறை தம்பியுடையது. இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்வது என்றால் என்ன என்ற கேள்வி எனக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அது 2001. அந்த ஜனவரியில்தான் அரியலூர் தனி மாவட்டமாகியிருந்தது. 2002 மார்ச்சில் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். எல்லைக் கோடு, அலுவலகம், கோப்பு எல்லாம் இரண்டு முறை பங்கு போடப்பட்டன. அதை நிர்வாகம் என்றார்கள். வீட்டில் ஒரு பெண் பீரோவில் இரண்டு தட்டு கேட்டால் மட்டும் அதற்கு வேறு பெயர்.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. சுவரோரம் அவர், கதவோரம் நான். குழந்தையின் தூளி, விடிகாலைப் பால்காரர், மாமியாரின் இருமல், இவற்றுக்கு எழ வேண்டியவள் நான் என்பதால் அப்படி அமைந்தது. ஸ்விட்ச் போர்டு அவர் கைக்கு எட்டும் பக்கம். பீரோவின் மேல் தட்டுகளில் அவர் சட்டைகள், லாக்கரில் வீட்டுப் பத்திரம், கீழ்த்தட்டில் என் புடவைகள். என் முனைவர் பட்ட ஆய்வுக் குறிப்புகள் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தன. வெளிச்சம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் ஆய்வேட்டை அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே வராதபடி நானே ஒதுங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு அறையே இல்லை. அப்பா திண்ணையில் படுப்பார். அம்மா அடுப்படி நிலைப்படியில் தலைவைத்துப் படுப்பாள். ஆனால் அவளிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. சாவி முந்தானை முடிச்சில். அதை அப்பா திறந்து நான் பார்த்ததில்லை. அறையில்லாத அம்மாவிடம் ஒரு பூட்டு இருந்தது. அறையுள்ள என்னிடம் அது இல்லை.

பெண்ணுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று வர்ஜினியா வுல்ஃப் எழுதியது 1929இல். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அறை இந்தப் பிறவியில் வாய்க்கப்போவதில்லை. நமக்கு வாய்ப்பது பகிர்ந்த அறைதான். அதில் நியாயம் எது என்பதே நம் கேள்வி.

ஒருமுறை கேட்டேன். "சரி, பாதி பீரோ எடுத்துக்கோ" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த "எடுத்துக்கோ"வில் கொடுப்பவர் உடைமையாளராகவே நிற்கிறார். அன்பு இருக்கும் இடத்தில் அளவு எதற்கு என்றும் கேட்டார். அப்படிக் கேட்பவருடைய சட்டை எப்போதும் கைக்கெட்டும் தட்டில்தான் இருக்கிறது.

பாதிக்குப் பாதி அளந்துவிட்டாலும் தீராது. வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போது இதை உணர்கிறேன். போரில் இறந்த யானையின் தந்தத்தால் செய்த வட்டக் கட்டில். அன்னத் தூவி பரப்பிய படுக்கை. அவ்வளவும் அரசிக்கு. ஆனால் அவளுக்கு உறக்கம் இல்லை. பாசறையில் இருக்கும் கணவனுக்காக உடம்பு முழுவதும் காத்திருக்கிறது. காத்திருப்பதும் வேலைதான். இடம் கிடைப்பது ஒன்று. அந்த இடத்தில் யாருக்கும் பணியில் இல்லாமல் கிடப்பது வேறு. அறையில் யாருடைய தூக்கம் கலையக் கூடாது என்று வீடு நினைக்கிறதோ, அறை அவருடையது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, போன ஆண்டு, "என்னங்க, இன்னைக்கு நீங்க கதவோரம் படுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே மாறிப் படுத்தார். லாக்கர் சாவிக்கு இன்னொன்று வெட்டி வைத்துக்கொண்டேன். விடிகாலை ஐந்து மணிக்குப் பால்காரர் மணி அடித்தார். அவர் எழுந்து போனார்.

நான் சுவரோரம் கண்மூடிக் கிடந்தேன். பாத்திரத்தை எங்கே தேடுகிறார், பாலை மூடிவைத்தாரா என்று காது அடுப்படியிலேயே இருந்தது. எழாமல் இருக்கக் கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடியை விட்டுத் தூங்க இன்னும் பழகவில்லை.