மறைந்த மனைவிக்குரிய கடன்

நிக்காஹ் மஜ்லிஸில் ஈஜாப், கபூல் முடிந்ததும் ஓதப்படும் துஆவை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆதம் (அலை) அவர்களுக்கும் ஹவ்வா அம்மையாருக்கும் இடையே உண்டான நேசத்தையும், நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கும் இடையே உண்டான நேசத்தையும் மணமக்களுக்கு அருளும்படி அதில் இறைஞ்சுகிறோம். சபையோர் ஆமீன் கூறிவிட்டுப் பிரியாணிக்கு எழுந்து விடுகிறார்கள். அந்த நேசம் எத்தகையது? இருவரில் ஒருவர் கண்ணை மூடிய பின் அது என்னவாயிற்று? இதைச் சிந்திப்பவர் சிலரே.

எங்கள் தண்டலம் பகுதியில் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் அஸருக்குப் பின் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். முதல் மனைவி வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மறுமணம் செய்து கொண்டார். மறைந்தவரைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் வந்தவரின் முகம் வாடிவிடுகிறதாம். "துக்கம் மூன்று நாள்தானே ஹஜ்ரத்? அதற்கு மேல் நினைப்பது பாவமா?" என்றார்.

உறவினருக்காக அலங்காரம் துறந்து துக்கம் காப்பதற்குத்தான் மூன்று நாள் வரம்பு. கணவனை இழந்தவளுக்கு அது 4 மாதமும் 10 நாளும் ஆகும். நேசத்திற்கு ஷரீஅத் எந்த வரம்பும் கட்டவில்லை. இதற்கு அண்ணலாரின் இல்லத்தை விடச் சிறந்த ஆதாரம் வேறேது?

25 ஆண்டுகள் நீடித்த இல்லறம் அது. அன்னையார் உயிரோடிருந்த வரை நாயகம் (ஸல்) அவர்கள் வேறு மணம் செய்யவில்லை. முதல் வஹீ இறங்கி நடுக்கத்தோடு வீடு திரும்பிய கணவரைப் போர்த்தி, ஆறுதல் கூறி, முதன்முதலில் ஈமான் கொண்டவர் அவர்தாம். குறைஷியர் ஊர்விலக்கம் செய்து அபூதாலிப் கணவாயில் அடைத்தபோது, வசதியில் வளர்ந்த அச்சீமாட்டியும் பசியைப் பங்கிட்டுக் கொண்டார்கள். விலக்கம் நீங்கிச் சில காலத்திற்குள், நுபுவ்வத்தின் 10ஆம் ஆண்டு ரமளானில் வஃபாத்தானார்கள். மக்காவின் ஹஜூனில் அடக்கம் செய்தபோது நாயகமே கப்ரில் இறங்கினார்கள்.

மதீனா வந்த பின்னும் அந்தப் பெயர் இல்லத்தில் ஒலித்துக் கொண்டே இருந்தது. ஒரு நாள் கதீஜா அம்மையாரின் சகோதரி ஹாலா வாசலில் நின்று அனுமதி கேட்க, அக்குரல் அம்மையாரின் குரலை நினைவூட்டியதால் அண்ணலார் உணர்ச்சி வசப்பட்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ரோஷம் பொங்கியது. என்றோ மறைந்த மூதாட்டியை இன்னும் நினைக்கிறீர்களே, அதைவிடச் சிறந்தவரை அல்லாஹ் தந்துவிட்டானே என்ற கருத்தில் பேசிவிட்டார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பில் நாயகத்தின் மறுமொழி இருக்கிறது. அவரை விடச் சிறந்தவர் எனக்குத் தரப்படவில்லை. மக்கள் மறுத்தபோது என்னை ஏற்றார், பொய்யாக்கியபோது மெய்ப்படுத்தினார், கைவிட்டபோது தம் பொருளால் தாங்கினார், அவர் மூலமே எனக்கு மக்கட்பேறு கிடைத்தது என்ற பொருளில் அது அமைந்துள்ளது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்செய்தியை நமக்கு அறிவித்தவரே ஆயிஷா நாயகிதாம்! தாம் கண்டே இராத ஒருவர் மீது கொண்ட ரோஷத்தையும், அதற்குக் கிடைத்த பதிலையும் மறைக்காமல் உம்மத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வந்தவரின் மனம் வாடுவது இயல்பு. அதற்காக அவரைக் கடிந்து கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மறைந்தவரின் பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாது, பிள்ளைகள் தாய்வழிப் பாட்டி வீட்டுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறதே, அது எந்தக் கிதாபிலும் இல்லாதது. சகோதரரிடம் இவ்வளவும் சொன்னேன். புதியவரோடு ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அண்ணலார் வாயால் மட்டும் நினைக்கவில்லை. ஆடு அறுத்தால் அதைத் துண்டாக்கிக் கதீஜா அம்மையாரின் தோழியர் வீடுகளுக்கு அனுப்பி வைப்பார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை, உறவின் உறுதியைப் பேணுவது ஈமானைச் சார்ந்தது என்ற கருத்துள்ள தலைப்பின் கீழ்ச் சேர்த்திருக்கிறார்கள். பாசத்தைப் பற்றிய பாடம் என்று எண்ணிப் படித்தால், ஈமானைப் பற்றிய பாடமாக இருக்கிறது! நம் மனைவியரின் தோழிகள் யார் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்ரு யுத்தத்திற்குப் பின் (ஹிஜ்ரி 2, கி.பி. 624) நடந்தது இன்னும் நுட்பமானது. கைதான மருமகன் அபுல் ஆஸை மீட்க, மகளார் ஸைனப் (ரலி) மக்காவிலிருந்து பொருள் அனுப்பினார்கள். அதில் ஒரு கழுத்து மாலை இருந்தது. திருமணத்தின்போது தாய் கதீஜா மகளுக்கு அணிவித்த மாலை! கண்டதும் நாயகத்தின் உள்ளம் உருகிற்று. எனினும் தாமே எடுத்துத் திருப்பி அனுப்பிவிடவில்லை. மீட்புப் பொருளில் முஸ்லிம்களுக்கு உரிமை உண்டல்லவா? நீங்கள் சம்மதித்தால் கைதியை விடுவித்து, அவளுடைய பொருளையும் திருப்பித் தரலாமே என்று தோழர்களிடம் கேட்டார்கள். அவர்கள் இசைந்த பிறகே மாலை திரும்பியது. மனைவியின் நினைவு எவ்வளவு உருக்கினாலும் பிறர் உரிமையை அது விழுங்கவில்லை.

மாலை என்றதும் நம் வீட்டு நகைகள் ஞாபகம் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகள் பெருகிய பின், மனைவியின் நகையை அடகு வைத்து மனை வாங்கியவர்கள் உண்டு. பத்திரம் கணவர் பெயரில். பின்னர் மனைவி வஃபாத்தாகிறார். கணவர் மனமுருகி அழுகிறார், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஊரையே அழைக்கிறார். நகைக் கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அவர் அதை அன்பளிப்பாகத் தந்திருந்தால் பேச்சில்லை. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தால் அது கடன். கொடுக்காத மஹரும் கடனே. இவையும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். அவருடைய கடனும் வஸிய்யத்தும் போக மீதியில், பிள்ளைகள் இருப்பின் கணவருக்கு 4இல் 1 பங்கு. பெற்றோர் இருந்தால் தாய்க்கு 6இல் 1, தந்தைக்கு 6இல் 1. எஞ்சியது பிள்ளைகளுக்கு, ஆணுக்குப் பெண்ணைப் போல் இரு மடங்கு. பிள்ளைகள் எல்லோரும் பெண்களாக இருந்தால் கணக்கு மாறும்; ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். திருமறையின் நான்காம் அத்தியாயம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது.

எங்கோ ஊரில் இருக்கும் அந்த வயதான மாமனார், மாமியார் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். மகளே போய்விட்டாள், நகை என்ன நகை என்பார்கள். அதை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியுமா? பங்கு இவ்வளவு என்று தெரிந்து, மனமுவந்து விட்டால்தான் அது விட்டதாகும். பருவமடையாத பிள்ளைகளின் பங்கையோ, பெற்ற தந்தை உட்பட எவரும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகவே நகையை வாங்கும் அன்றே, இது அன்பளிப்பா கடனா என்று மனைவியிடம் கேளுங்கள். கடன் என்றால் எத்தனை பவுன் என்று எழுதிச் சாட்சிகளையும் வைத்துக் கொள்ளுங்கள். கடனை எழுதச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. மனைவியிடம் வாங்கிய கடனுக்கு அதில் விலக்கு ஏதும் இல்லை.