பாசம் என்னும் சொல்

பச்சிளம் பிள்ளைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்தவர்களின் வரலாற்றைத் தமிழில் கற்பிக்கும்போது முதல் தடை சொல்லிலேயே வருகிறது. 'பற்று' என்றால் துறவிகள் விடச் சொன்ன பற்று நினைவுக்கு வரும். 'பாசம்' என்றால் சிக்கல் இன்னும் ஆழம். வீட்டில் அது தாயன்பு. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்னும் கட்டு. பிள்ளையை அணைக்கும் கைக்கும் உயிரைப் பிணிக்கும் கயிற்றுக்கும் ஒரே பெயர் பொருந்துமா?

லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் (1907–1990) சொல்லோடு போராடியவர்தான். அவர் காலத்து உளவியல் பிள்ளையின் நாட்டத்தைச் 'சார்பு' என்றது. பால் தருபவளைப் பிள்ளை தேடுகிறது, வளர வளர அது ஒழிய வேண்டும் என்பது அதன் உட்கிடை. பௌல்பி அந்தச் சொல்லை ஒதுக்கினார். பிணைப்பு ஆயுள் முழுவதற்குமான தேவை என்றார். பால் தந்த கம்பிப் பொம்மையை விட்டுப் பால் தராத துணிப் பொம்மையையே குரங்குக் குட்டிகள் கட்டிக்கொண்டு கிடந்ததை உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958இல் எடுத்துரைத்தது இதற்கு வலுவூட்டியது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குட்டிகள் பட்ட துயரமும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. அதை மறைத்துக் கற்பிப்பது நேர்மையாகாது.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1954–55இல் உகாண்டாவில், கம்பாலாவை ஒட்டிய ஊர்களில், 26 வீடுகளின் 28 குழந்தைகளைக் கவனித்தார். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தவழ்ந்து விலகிப் போகிறது. நின்று திரும்பிப் பார்க்கிறது. மிரண்டால் ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறது. பிடி உறுதியாக இருப்பதால்தான் விட்டுப் போகத் துணிகிறது. பிற்பாடு பால்டிமோரில் அவர் வகுத்த, சுமார் 20 நிமிட ஆய்வுக்கூடச் சோதனையை மட்டும் பாடமாக்கினால், வீடு வீடாகப் போய்க் கண்ட இந்த உண்மை நழுவிவிடும்.

பிணைப்பே துணையாகவும் நிற்கும் என்ற கருத்துக்குச் சைவ சித்தாந்தத்துக்குள்ளும் இடமுண்டு.  அந்த மரபில் மாயை பாசமே ஆனாலும், உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் தருவது அதுதான்; இரவில் விளக்குப் போல உதவுவது. ஆனால் பிள்ளை தாயிடம் திரும்பத் திரும்ப வருகிறது. விடுபட்ட உயிர் பாசத்திடம் திரும்புவதில்லை. இந்த வேறுபாட்டை அழித்து இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

யார் தாய் என்பது அடுத்த கேள்வி. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கடையநல்லூர் போன்ற ஊர்களில் இதற்கு இஸ்லாமிய மார்க்கமே ஒரு விடை வைத்திருக்கிறது. சிறு வயதில் பாலூட்டியவளும் தாய், பால்குடித் தாய். அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள், அவர்களோடு மணம் கூடாது. நபிகளுக்குப் பாலூட்டி வளர்த்தவர் ஹலீமா. சங்க அகப்பாடல்களிலும் நற்றாய்க்குப் பக்கத்தில் செவிலித்தாய் நிற்கிறாள். பௌல்பியையும் ஒரு செவிலியே வளர்த்தாள். அவருக்கு நான்கு வயதாகும் முன்னரே அவள் வேலையை விட்டுப் போனாள். தாயை இழந்தது போல இருந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அங்கே அன்பு பலர் கைகளில் பரவிக் கிடப்பதை மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1990இல் நூலாக்கினார். அடக்கம், பழக்கம், கொடுமை என்ற சொற்களை அவர் ஆங்கிலத்தில் கரைத்துவிடாமல் தமிழாகவே வைத்து விளக்கினார்.  அதுபோலத் தமிழ்ப் பாடநூலில் பௌல்பிக்கு அருகே பால்குடித் தாயும் செவிலியும் தங்கள் பெயர்களோடே இடம்பெற வேண்டும்.